இந்த பெஞ்சுல ஒருத்தரைக் காட்டு!

போன வருஷம் ஆடி மாசம், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு மார்பில் புற்றுநோய். புதுசா ஒரு மருந்தைச் சோதிச்சுப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மருமகளோடு ஆம்பூரிலிருந்து போயிருந்தேன்.

பேர் எழுதுகிற பொண்ணு என் சீட்டைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கியது. "ஆயா, உங்களுக்கு வயசு ஜாஸ்தி. சக்கரை வேற. எடுக்க முடியாது."

"பின்ன யாரைத்தான் எடுப்பீங்க?"

"வயசு கம்மியா, வேற வியாதி இல்லாதவங்களா..."

"இந்த பெஞ்சுல அப்படி ஒருத்தரைக் காட்டு!"

பக்கத்தில் இருந்த, கணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "எனக்கு சக்கரையோட பிபியும் இருக்குதும்மா" என்று கையைத் தூக்கினார். பெஞ்சே சிரித்தது. "அத்தை, சும்மா இருங்க" என்று மருமகள் முந்தானையை இழுத்தாள். நான் சும்மா இருக்கவில்லை.

காரணம் உண்டு. தோல் பதனிடுகிற ஷாப்பில் முப்பது வருஷம் தோல் தரம் பிரித்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு தப்பு செய்தேன். வாங்குகிறவனுக்குக் காட்டுகிற சாம்பிள் கட்டுக்குள், முள் கீறல், உண்ணிக் கடி எதுவும் இல்லாத தோலாகப் பொறுக்கி வைத்து அனுப்பினேன். ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு. அதை நம்பி வாங்கினவன், பின்னால் போன சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டான். "இன்னாமே, தங்கச்சியைக் காட்டி அக்காவைக் கட்டி வச்சுட்டியா?" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். "உங்க உடம்பு தாங்காதுன்னுதாம்மா எடுக்கல" என்றார்.

"நாளைக்கு இதே மருந்து கடைக்கு வந்தா எனக்கும் எழுதிக் குடுப்பீங்கதானே? அப்ப மட்டும் தாங்குமா?" என்று கேட்டு, என் சாம்பிள் கதையையும் சொன்னேன்.

அந்தம்மா பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க கேக்கறது நியாயம். ஆனா இந்தச் சோதனைக்கு வச்ச விதியை நான் மாத்த முடியாதும்மா." எப்பவும் தருகிற மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறு மாசம் கழித்து அவரே போன் பண்ணினார். இன்னொரு மருந்தைச் சோதிக்கிறார்கள், அதுக்கு வயசுக் கணக்கு கிடையாது, சக்கரை கட்டுக்குள் இருந்தால் போதுமாம். கேட்குமா கேட்காதா என்று சொல்ல முடியாது, தொந்தரவும் வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். "எதுக்கு அத்தை இந்த பேஜாரு?" என்றாள் மருமகள். போனேன்.

சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைக்க அதே பொண்ணு மைப்பெட்டியை நீட்டியது. தள்ளி வைத்துவிட்டு, தெரிந்த நாலு எழுத்தில் என் பேரை நானே எழுதினேன். கோணல்தான், ஆனாலும் என் கையெழுத்து.

மருந்து எனக்குக் கேட்கிறதா என்று இன்னும் தெரியாது. கேட்காவிட்டாலும் அதையும் அவர்கள் கணக்கில் எழுதித்தானே ஆகணும்? இந்தத் தடவை சாம்பிள் கட்டில் கீறல் விழுந்த தோலும் ஒன்று இருக்கிறது.