கலியமூர்த்தியின் குதிகாலும் என்சைம் களிம்பும்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மொபெட் நாளைக்கே கொள்ளிடத்தில் விழட்டும். கட்டுப் போடும் தொழிலில் புண்ணோடு மல்லுக்கட்டுவது பாதி வேலை. மீதி பாதி, புண்ணுக்குச் சொந்தக்காரரோடு. என்னைப் போல வீடு வீடாகப் போய் டிரெஸ்ஸிங் செய்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

திருப்பனந்தாள் பக்கம் கலியமூர்த்தி என்று ஒரு விவசாயி. சர்க்கரை நோய்க்காரர். குதிகாலில் குழிப்புண், உள்ளே கருத்துச் செத்த சதை. டாக்டர் வெட்ட முடிந்ததை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கரைக்க என்சைம் களிம்பு எழுதினார். "மூணு வாரத்துல சுத்தமாகலேன்னா கால் தங்காது" என்றார். தங்க வைக்காமல் விடுவதில்லை என்று நான் அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

மேலுரம்

முதல் நாள் நான் கட்டிவிட்டு, ட்யூபை அவர் வீட்டிலேயே வைத்தது என் தப்பு. மறுநாள் போனால் ட்யூப் காலி. குதிகால் முழுக்கச் சுவருக்குச் சாந்து பூசியதுபோல் அப்பியிருந்தார். சுற்றியிருந்த நல்ல தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது. "செத்த சதை மேல மட்டும், ரூபாய்க் காசு கனத்துக்கு! நல்ல தோலுக்கு வேஸ்லின்!" என்று கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "ஏன்ணே, யூரியாவ ரெண்டு கை கூடப் போட்டாத்தானே சீக்கிரம் பச்சை கட்டும்?"

காலை ஆறு மணி ரகசியம்

அடுத்த ட்யூபை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு வாரமாகியும் கறுப்பு நகரவில்லை. களிம்பே போலிச்சரக்குதானோ என்று சந்தேகப்பட்டேன். ஒரு நாள் சொல்லாமல் விடியலிலேயே போய் நின்றால், அவர் சம்சாரம் செண்பகம் கட்டைப் பிரித்து, பழுப்பு நிற அயோடினை ஊற்றிக்கொண்டிருக்கிறது! அயோடின் பட்டால் இந்தக் களிம்பு செத்துவிடும். "கழுவ சலைன் மட்டும்தாம்மா" என்று பாட்டிலைப் பிடுங்கினேன். செண்பகம் சொன்னது: "மருந்துக்கு மருந்து ஆகாதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? மாமியா மருமவ சண்டையே தோத்துச்சு போங்க!"

கட்டுக்குள் நடவு

அதற்குள் நடவு வந்துவிட்டது. வயலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மனுஷர் உரச்சாக்கை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கியிருக்கிறார். மறுநாள் கட்டைப் பிரித்தேன்; உள்ளே மூன்று இலையோடு ஒரு நாற்று வேர் பிடித்து நிற்கிறது! அந்த நாற்றின் மேல் ஆணை. சேற்றைக் கழுவி, டாக்டரிடம் காட்டி, சேற்றில் இறங்கியதால் வந்த காய்ச்சலுக்கு மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். பிறகு, நடவைப் படுத்தபடியே பார்க்கட்டும் என்று கயிற்றுக் கட்டிலை வரப்பில் போட்டு, அவரைப் படுக்க வைத்து, காலுக்குத் தலையணை கொடுத்து, நாலு நாள் பக்கத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்தேன். நடவுப் பெண்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள்: "பொண்டாட்டிக்கே பயப்படாத ஆளு, இந்தப் பெரியவருக்கு இப்புடி அடங்கிக் கெடக்குறீங்களே!"

சிவப்பு

மூன்றாவது வாரக் கடைசி. கட்டைப் பிரித்தேன். கறுப்பு இல்லை. அடி முழுக்க மாதுளை முத்துப்போல் சிவந்திருந்தது. "கால் தப்பிச்சுது. களிம்பை நிறுத்திடுங்க, இனிமே ஈரம் காக்குற கட்டு மட்டும் போதும்" என்றார் டாக்டர். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கலியமூர்த்திக்கு மட்டும் மனசு ஆறவில்லை: "நல்லா வேலை செய்யிற ஆளை எதுக்கு நிப்பாட்டுறீங்க? அறுப்பு வரைக்கும் இருக்கட்டுமே!"

செத்த சதையைக் கரைக்க மூன்று வாரம் போதும், உயிரோடிருக்கிறவரின் பிடிவாதத்தைக் கரைக்கும் களிம்பு இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை என்று நான்தான் எழுதினேன் என்பதை மட்டும் கலியமூர்த்தி காதில் போட்டுவிடாதீர்கள், அந்தக் காலால்தான் என்னைத் துரத்துவார்.