மூலை மாறிய துண்டு

மெழுகு அக்கா வேலை செய்யும்போது சத்தமில்லாமல் எண்ணுவார். உதடு மட்டும் அசையும். அந்த ஆய்வுக்கூடத்தில் தரை துடைத்து, கண்ணாடிச் சாமான் கழுவும் நான் பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த சதையை ஆளுக்கொரு மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அக்கா ஒவ்வொன்றிலிருந்தும் குண்டூசித் தலை அளவு துண்டைக் குழல் ஊசியால் எடுத்து, வேறொரு வெற்றுக் கட்டியில் துளை போட்டு வரிசையாக நடுவார். தீப்பெட்டியைவிடச் சின்னக் கட்டியில் நூற்றிருபது பேர். எந்தத் துளையில் யார் என்று தாளில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். கடைசியாக இடது மேல் மூலைக்கு வெளியே அடையாளத்துக்கு ஒரு சிறுநீரகத் துண்டு. அந்த மூலை மாறினால் முதல் ஆள் கடைசி ஆளாகிவிடுவார்.

"நூத்திருபது பேரும் உன்னை மாதிரிதான்டி ஊமைக்கோட்டான், வாயே திறக்க மாட்டாங்க" என்று என்னைச் சீண்டுவார்.

அன்று அடையாளத் துண்டு மட்டும் பாக்கி. போன் வந்தது. எழுந்தவர் கட்டியையும் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "ம்... எத்தனை மணிக்கு? சரி, வர்றேன்." வார்டில் படுத்திருந்த அவர் கணவர் இறந்துபோன செய்திதான் அது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அக்கா வந்து உட்கார்ந்தார். உதடு அசையவில்லை. கட்டியை மாட்டி, துண்டை வைத்து, தாளில் கையெழுத்துப் போட்டு, கை கழுவிக்கொண்டு கிளம்பினார்.

கட்டியின் ஓர் ஓரத்தில் மெழுகு பெயர்ந்திருந்தது. அதுவரை சுவர்ப் பக்கம் இருந்த அந்த ஓரம் இப்போது என் பக்கம் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து, அந்தக் கட்டியைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்த, ஆய்வை நடத்தும் டாக்டரம்மா கத்தினார். "பொம்பளைங்க துண்டுல ஆம்பளைங்களோட புரோஸ்டேட் சாயம் ஏறுது! யாரோ எல்லாத்தையும் கலந்து வெச்சிருக்காங்க. தூக்கிப் போடுங்க!" மறுபடி எடுக்கப் பழைய கட்டிகளில் சதையும் மிச்சமில்லை. மூன்று வருட ஆய்வு.

சொன்னால் ஆய்வு பிழைக்கும். அக்கா ஒப்பந்த ஊழியர். தப்பு அவர் தலையில் விழும். டாக்டரம்மாவிடம் போகக் கால் வரவில்லை. கழுவுதொட்டி அருகே அக்காவிடம்தான் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கட்டியைத் திருப்பி மாட்டிட்டீங்க."

"என்னிக்கு?"

"போன் வந்த அன்னிக்கு."

குழாயை மூடினார். "அஞ்சு மாசமா வாயில என்னடி வெச்சிருந்தே?"

பதிலுக்கு நிற்காமல் நேராக டாக்டரம்மா அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"மேடம், தாளைத் தலைகீழா வெச்சுப் படிங்க. கடைசி ஆளுதான் முதல் ஆளு. தப்பு என்னோடது."

"இத்தனை வருஷம் பண்ணின கை! எப்படி இப்படி ஆச்சு?"

"கையில எடுத்தேன். திருப்பி வெச்சிட்டேன். அவ்வளவுதான்."

போனைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைகீழாகப் படித்ததும் எல்லாம் பொருந்தியது. ஆய்வு தொடர்கிறது. மறு வாரமே அக்காவை முன்கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். வரும் சதைப் புட்டிகளை வாங்கி எண் ஒட்டுகிறார். மெழுகு மேசையில் வேறொரு பெண் உட்கார்கிறாள். அக்காவின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.