ஒரு தலைப்பாகையும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும்

தில்லியில் குடியரசு தின ஊர்வலத்தை நேரில் பார்க்க பாஸ் வேண்டும். பாஸ் வாங்க ஆள் வேண்டும். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஆட்சிகள் வந்தன, கவிழ்ந்தன, அவருக்கு மட்டும் ஒருநாளும் பாஸ் வந்ததில்லை. அதனால் எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஊர்வலத்தில் என் தங்கை ஆடப்போகிறாள் என்று தெரிந்ததும் அம்மா எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.யைத்தான் நம்பினாள். டி.வி. மொட்டை மாடி ஆன்டெனாவை நம்பியது. ஆன்டெனா என்னை நம்பியது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் வருஷம்.

தங்கை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. தேசிய ஒருமைப்பாட்டை வளர்க்க யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்து, பஞ்சாபிப் பிள்ளைகளுக்குக் கரகாட்டத்தையும் எங்கள் பிள்ளைகளுக்கு பாங்க்ராவையும் கொடுத்துவிட்டார். அதிலும் இவளுக்கு ஆண் வேஷம். இரண்டு மாதம் காலைப் பனிமூட்டத்தில் பயிற்சி. "தோளைக் குலுக்கச் சொல்லியே தர வேண்டாம்க்கா, குளிர்ல அதுவா குலுங்குது" என்பாள். அம்மாவுக்குத் தாங்க முடியாத பெருமை. ஊரில் இருக்கும் அத்தனை உறவுக்கும் டி.வி. பார்க்கச் சொல்லிக் கடிதம் போட்டாள். ஊரில் டி.வி.யே கிடையாது என்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

அன்று விடியும் முன்பே கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி தலைப்பாகை கட்டிவிட வந்தார். அதற்குள் அம்மா, குளிரில் கட்டியாகிப்போன தேங்காய் எண்ணெயை அடுப்பில் உருக்கி, தங்கை தலையில் ஒரு கரண்டி ஊற்றி, அழுந்த வாரி, ஜடையை உச்சியில் சுற்றிவைத்திருந்தாள். நாட்டின் தலைவர்கள் முன்னால் பெண்ணை எண்ணெய் வைக்காத தலையோடு அனுப்புவதா? ஆன்ட்டி தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி, "இத்னா தேல்!" என்று அலறினார். இவ்வளவு எண்ணெயா என்று அவர் கேட்டதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "அச்சா ஹை, அச்சா ஹை" என்று அம்மா சிரித்தாள். ஆன்ட்டி எப்படியோ கட்டி முடித்துவிட்டு, வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்.

ஊர்வலம் தொடங்கியபோது நான் மாடியில், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அப்பாவின் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆன்டெனாக் கம்பத்தோடு நின்றேன். நாடு வானத்துக்குச் செயற்கைக்கோள் விட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் மாடிக்கு என்னை விட்டார்கள். அலைநீளம் பற்றிப் பரீட்சையில் ஐந்து பக்கம் எழுதியவள் நான். அந்தக் கம்பம் அதையெல்லாம் மதிக்கவில்லை. காக்கா வந்து உட்கார்ந்தால் படம் தெளியும், நான் தொட்டால் போய்விடும்.

டி.வி. முன்னால் அம்மா, படிக்கட்டில் அப்பா. அம்மா சொல்வதை அப்பா மேலே கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அப்பா தான் பார்க்காத எந்தக் கோப்பையும் இருபது வருஷமாக மேலே அனுப்பாதவர். அம்மா "வந்துடுச்சு" என்றால் உள்ளே போவார், கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார், பார்ப்பார், திரும்பி வந்து, "ஓரளவு வந்திருக்கு, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் புள்ளி" என்று அறிக்கை தருவார். அதற்குள் நான் கம்பத்தை வேறு திசைக்குத் திருப்பியிருப்பேன்.

"வருதா, வரலையா? ஒரே வார்த்தைப்பா!"

"அவசரப்படாதே. பார்த்துட்டுச் சொல்றேன்."

பீரங்கிகள் போயின, ஒட்டகங்கள் போயின. பிறகு கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சரி, படம் போய்விட்டது என்று நினைத்துக் கம்பத்தை ஒரு திருப்பு திருப்பினேன். அதே நேரம் அம்மா மூச்சிரைக்க மாடிக்கு ஓடி வந்தாள். "தொடாதேடி! நம்ம ஸ்கூல்! கண்ணாடி மாதிரி வந்திருக்கு! உங்கப்பா பார்க்கப் போனவர் அங்கேயே நின்னுட்டாரு!"

திரும்ப ஓடினோம். திரையில் வெறும் கோடுகள். மறுபடி படம் வந்தபோது யானைகள் போய்க்கொண்டிருந்தன. அம்மா தரையில் உட்கார்ந்து, "ரெண்டு மாசமாக் காத்திருந்தேனே" என்று அழுதாள். எனக்கு என் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. மறுபடி மாடிக்கே ஓடிப்போய் நின்றேன்.

சற்று நேரத்தில் அப்பா மேலே வந்தார். "நான் பார்த்தேன்" என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"நாலு செகண்ட் இருக்கும். முதல் வரிசை. தலைப்பாகை வழுக்கி விழுந்துடுச்சு. அத்தனை தலைப்பாகைக்கு நடுவுல இவ ஜடை மட்டும் அவிழ்ந்து ஆடுது. அவ நிக்கலைம்மா. ஆடிக்கிட்டே போனா." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போய் அம்மாகிட்ட சொல்லுங்களேன்."

"சொல்றேன், எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன்" என்றார். அவர் மனசுக்குள் வரைவு போட்டு முடிப்பதற்குள் மத்தியானமாகி, தங்கையும் வந்து சேர்ந்துவிட்டாள்.

வந்தவள் தலைப்பாகையைக் கட்டிலில் வீசி எறிந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "எல்லாரும் பார்த்தீங்கல்ல? எல்லாம் உன் எண்ணெயாலதாம்மா! தலைப்பாகை நழுவி விழுந்துடுச்சு. நாடே சிரிச்சிருக்கும். இனிமே நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்."

அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "இங்க ஒண்ணும் தெரியலைம்மா. வெறும் கோடாத்தான் ஓடிச்சு. உங்க அக்காவுக்குப் பிசிக்ஸும் வரலை, ஆன்டெனாவும் வரலை."

"நிஜமாவாப்பா?"

"நானே உள்ள போய்ப் பார்த்துட்டுத்தானே சொல்றேன்."

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வீட்டில் எவர் என்ன சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசாமல் விட்டதில்லை நான். அன்று மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, "ஆமாம், எனக்கு வரலை" என்றேன்.