மருந்து ஆய்வுக்குப் போகும் வழியில் வண்டியைத் திருப்பிய கதை

இந்த வலைப்பூவில் இதுவரை அருவி, அணை, மலைக்கோவில் என்றுதான் எழுதியிருக்கிறேன். பிளவக்கல் அணைக்கு எந்தப் பேருந்து ஏறுவது என்று கேட்டு இன்றும் யாராவது எழுதுகிறார்கள். ஆனால் எட்டு மாதமாக நான் போய்வரும் ஒரே ஊர் மதுரை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ராஜபாளையத்திலிருந்து அங்கே ஒரு மருத்துவமனைக்குப் போகிறேன். இதே வேலையாக இதே சாலையில் போகிறவர்கள், போகலாமா என்று யோசிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக இந்தப் பதிவு.

எனக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. எலும்புக்கும் பரவியிருக்கிறது. வயது ஐம்பத்தெட்டு. ராணுவத்தில் இருபத்து நான்கு வருடம் லாரி ஓட்டினேன். பீடி, சிகரெட் தொட்டதில்லை. (அதைக் கேட்காமல் யாரும் நலம் விசாரிப்பதில்லை, அதனால் முன்கூட்டியே எழுதிவிட்டேன்.) முதலில் கொடுத்த மாத்திரை ஒன்றரை வருடம் நன்றாகக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அப்போதுதான் மதுரை டாக்டரம்மா, புது மாத்திரை ஒன்றை வைத்து ஆய்வு நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். பாதிப் பேருக்கு வழக்கமான ஊசி மருந்து, பாதிப் பேருக்குப் புது மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். குணமாகும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஒப்புதல் படிவம் பதினெட்டுப் பக்கம். மூன்று நாள் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் புது மாத்திரை விழுந்தது. ஐந்து மாதத்தில் கட்டி சுருங்கியது, இருமல் நின்றது, மாடிப்படி ஏற முடிந்தது.

இனி, ஏழு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை நடந்த பயணம்.

காலை 5.15-க்குப் பஞ்சு மார்க்கெட் பக்கத்திலிருந்து கிளம்பினோம். வாடகைக் கார், போக வர 3,200 ரூபாய். ரசீது கொடுத்தால் ஆய்வுக்காரர்களே திருப்பித் தந்துவிடுகிறார்கள். ஓட்டுநர் கண்ணன், தளவாய்புரத்துக்காரர். மாத்திரை சாப்பிடுகிற காலம் முழுக்க நான் ஓட்டக் கூடாது என்று உத்தரவு. ஆகவே அவர் போடும் ஒவ்வொரு கியரையும் பக்கத்து இருக்கையிலிருந்து நான் மனதுக்குள் போட்டுக்கொண்டு வருவேன். அவருக்கும் அது தெரியும். "அண்ணாச்சி, காலால பிரேக்கு மிதிக்காதிய, என் வண்டித் தரை ஓட்டையாயிரும்" என்பார்.

என் மனைவிக்கு நூற்பாலையில் காலை ஷிப்ட். அதனால் துணைக்கு வருவது பாக்கியம் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். பன்னிரண்டு கிலோமீட்டர். 5.40-க்கு ரத வீதி முனையில், கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஏறினாள்.

அந்த முறை எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதியின் அளவு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. புது மாத்திரையால் இருக்கலாம், இன்னும் கூடினால் நிறுத்தி ஆய்விலிருந்தே விடுவிக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்கா பயப்படுவாளே என்று அவளிடம் நான் மூச்சு விடவில்லை.

5.55-க்குக் கிருஷ்ணன்கோவில். சாலையோரக் கடையில் டீ, பதினைந்து ரூபாய். கல்லூரிப் பேருந்துகள் எதிர்ப்புறம் கிளம்பிக்கொண்டிருந்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள், "என்னலே, டீ கசக்கா? உம்முன்னு வாரே?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். இன்றைக்கு அளவு கூடியிருந்தால் இந்த மாத்திரை அவ்வளவுதான் என்றேன்.

அக்கா டீயைக் கீழே வைத்தாள். காரில் ஏறி ஒரு கிலோமீட்டர் போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே தம்பி. ஒண்ணு சொல்லுதேன். திட்டப்பிடாது."

"சொல்லு."

"கஞ்சிக்கு மாவு அனுப்புதேன்ல. அதுல ஒரு பொடி கலந்திருக்கேன்."

பத்து நாளைக்கு ஒருமுறை அக்கா எனக்குச் சத்துமாவு அரைத்து அனுப்புவாள். தினமும் காலையில் அதுதான் எனக்குக் கஞ்சி. ஒன்றரை மாதமாக லேசாகக் கசந்தது. கேட்டதற்கு வெந்தயம் கூடிப்போச்சு என்றிருந்தாள்.

"என்ன பொடி?"

"வத்திராயிருப்புப் பக்கம் ஒருத்தரு குடுத்தாரு. நெஞ்சுக் கட்டிக்கு நல்லதுன்னாரு. ஒன்கிட்ட சொன்னா திங்க மாட்டேன்னு சொல்லுவ. அதான்... ஈரலக் கெடுக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுலே."

எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் "வேறு மருந்து எதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்தி "இல்லை" என்றிருக்கிறேன். வேறு மருந்து எடுத்தால் ஆய்விலிருந்து நீக்கலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. இன்றிலிருந்து கஞ்சியை நிறுத்தினால் போயிற்று, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அளவு கூடியிருந்தால் அந்த மாத்திரையின் கணக்கில்தானே அதை எழுதுவார்கள்? எங்கோ இருக்கிற, என்னைப் போல மூச்சுத் திணறுகிற ஒருவருக்கு, இது ஈரலைக் கெடுக்கும் என்று சொல்லி அந்த மாத்திரையையே கொடுக்காமல் விட்டுவிட்டால்? நான் தினமும் விழுங்குவது எனக்கு மட்டுமான மாத்திரை இல்லை என்பது அந்தச் சாலையில்தான் எனக்கு உறைத்தது.

படிவத்தில் ஒரு அவசரத் தொலைபேசி எண் இருக்கும். அடித்தேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் செல்வி மேடம் முதல் மணியிலேயே எடுத்தார். திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அவர் சத்தம் போடவில்லை. "அந்தப் பொடி மிச்சம் இருக்கா? மாவும் பொடியும் ரெண்டும் வேணும். கொஞ்சம் லேட்டானாலும் பரவாயில்ல, எடுத்துட்டு வாங்க."

"அண்ணாச்சி, திருப்பவா?" என்றார் கண்ணன்.

"திருப்பு."

6.25-க்கு மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். அக்கா வீட்டுக்குள் ஓடி, பொடிப் பொட்டலத்தோடு மாவு டப்பா, அரிசி அளக்கும் படி, சல்லடை வரை தூக்கி வந்தாள். "சல்லடை எதுக்கு?" என்றேன். "எதுல ஒட்டியிருக்கோ, யாரு கண்டா" என்றாள். அவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரை போய்ச் சேரும்போது 8.20. இருபது நிமிடத் தாமதம். ரத்தம் எடுத்தார்கள். அளவு நான்கு மடங்காகியிருந்தது.

டாக்டரம்மா அறையில் நான் வாயைத் திறக்குமுன் அக்கா எழுந்து நின்றாள். "நாந்தாம்மா செஞ்சேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. இவன் பேர மட்டும் எடுத்துராதிய."

டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார். பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "தம்பி பொழைக்கணும்னுதானே செஞ்சீங்க. ஆனா இதுதான் காரணம்னு இப்பவே சொல்லிட முடியாது. மாத்திரையாவும் இருக்கலாம். ரெண்டையும் நிறுத்தி வச்சுப் பார்ப்போம். வாரா வாரம் ரத்தம் எடுக்கணும். திரும்ப ஆரம்பிக்கலாமாங்கிற முடிவு என் கையில மட்டும் இல்ல, மேல, ஆய்வை நடத்துறவங்களுக்கு எழுதிக் கேக்கணும்."

"எம்புட்டு நாளாகும்மா?"

"ரெண்டு மூணு வாரம்."

அந்த நாட்கள் நீளமானவை. மாத்திரை இல்லாத ஒவ்வொரு காலையும் இருமல் திரும்பி வருகிறதா என்று காது கொடுத்துக் கிடந்தேன். அக்கா தினமும் ராஜபாளையத்துக்குப் பேருந்தேறி வந்து, என் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, கத்திரிக்காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாளே என் மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டாள். பேசிக்கொண்டே நறுக்க ஆள் கிடைத்த சந்தோஷம்.

முதல் வாரம் அளவு நான்கு மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு இறங்கியது. இரண்டாம் வாரம் ஏறக்குறைய சரியாகிவிட்டது. மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் நிற்கும்போது செல்வி மேடம் அழைத்தார். அனுமதி வந்துவிட்டது, குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம். அக்கா நடுத்தெருவில் உட்காராத குறை. பக்கத்துக் கடையில் ஒரு கிலோ பால்கோவா வாங்கி, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "என் தம்பிக்கு மாத்திரை கெடைச்சிருச்சு" என்றாள். அவர்களும் தலையாட்டிவிட்டுத் தின்றார்கள்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து நாலு வாரம் ஆகிறது. அளவு ஏறவில்லை.

இதே பாதையில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மதுரை எண்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஏழரைக்கு மேல் திருமங்கலத்தில் சிக்கினால் நேரம் போய்விடும், 5.15-க்குக் கிளம்புங்கள். அன்றைய மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பயண ரசீதைத் தொலைக்காதீர்கள். படிவத்தைப் புரியும் வரை படியுங்கள், புரியாததைக் கேளுங்கள். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும்விட, வீட்டிலிருக்கிறவர்களையும் ஒருநாள் டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். கசாயம், லேகியம், பொடி எதுவானாலும் சொல்லிவிடுங்கள். நானும் என் பரிசோதனை முடிவை அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தால், அவளும் பொடியை முன்பே சொல்லியிருப்பாள்.

போன முறை போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன், "இந்த மாத்திரை எனக்கு எம்புட்டு நாளைக்குக் கேக்கும் மேடம்?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா இந்த ஆய்வே தேவையில்லையே. உங்களை மாதிரி ஆளுங்ககிட்டதான் நாங்க கத்துக்கிட்டு இருக்கோம்."

நோய் வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நிம்மதி தந்த பதில் வேறில்லை. வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அம்புட்டுப் படிச்சவிய ஒன்கிட்டயா கத்துக்கிடுதாவ?" என்றவள், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். பத்தாம் வகுப்பைத் தாண்ட நான் மூன்று முறை பரீட்சை எழுதியது அவளுக்குத்தானே தெரியும்.