கார்டில் ஏறிய மூச்சு

எங்கள் இரும்புக் கிடங்கில் அவரை மீசை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், மேனேஜர் உட்பட. எனக்கு மட்டும் அண்ணன். மேலுதட்டை மூடிக் கன்னத்தில் பாதி தூரம் போன மீசை. அதற்குப் பின்னால் இருந்த ஆள் பரம சாது. யாரையும் அதட்டத் தெரியாது. பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டினார். அதில் பதினான்கு வருடம் கீழே நின்று அவருக்குக் கை காட்டியவன் நான். தகட்டுக் கட்டுக்குச் சங்கிலி மாட்டிவிட்டு நான் கையை உயர்த்தினால் தூக்குவார், மடக்கினால் நிறுத்துவார். என் பேச்சை என் மனைவிகூட அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் கையை மடக்கினேன், கிரேன் நிற்கவில்லை. மூன்று டன் தகடு அதுபாட்டுக்குப் போய் வாசலில் நின்ற லாரியின் முன்பக்கத்தைச் சப்பையாக்கியது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தான். நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏணியில் ஏறினேன். மேலே கூண்டுக்குள் அண்ணன் உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். கை லீவர் மேலேயே கிடந்தது.

கம்பெனி டாக்டர் அவரை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்தார். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம், அதனால்தான் பகலில் கண் சொக்குகிறதாம். இதயமும் களைத்துப் போயிருக்கிறது, இனி ராத்திரி மூச்சு நிற்காமல் காற்று ஊதும் மெஷின் வைத்துத்தான் தூங்க வேண்டும் என்றார். அண்ணிக்கு இது புதுச் செய்தி இல்லை.

"குறட்டை நின்னா நான் முழிச்சுக்குவேன் தம்பி. விலாவுல ஒரு இடி இடிச்சா, புரண்டு படுத்து மூச்சு விடுவாரு. கல்யாணமான நாள்லேருந்து நான் முழுசாத் தூங்கின ராத்திரி கிடையாது" என்றார்.

மெஷின் ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். எத்தனை மணி நேரம் போட்டுக்கொண்டார், எத்தனை தடவை மூச்சு நின்றது என்பதெல்லாம் உள்ளே இருக்கும் கார்டில் ஏறிவிடும். விடாமல் முப்பது ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் கார்டில் இருந்தால்தான் மறுபடி கிரேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதுவரை தரை கூட்டும் வேலை. பத்தொன்பது வருடம் எங்கள் தலைக்கு மேலே இருந்த மனுஷன் துடைப்பத்தோடு துருவைக் கூட்டிக்கொண்டிருந்தார். தப்பித்தவறிக்கூட நிமிர்ந்து கிரேனைப் பார்க்க மாட்டார்.

முதல் ராத்திரி பத்தே நிமிஷத்தில் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். "தலையைத் தண்ணிக்குள்ள வச்சு அமுக்கற மாதிரி இருக்குடா" என்றார்.

மெஷின் கொடுத்த டெக்னீஷியன் பெண் பொறுமைசாலி. பகலில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொன்னாள். காற்றை முதலில் மெதுவாக வரும்படி மாற்றிக் கொடுத்தாள். மூக்கு காய்கிறது என்றதும் மெஷினில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வெதுவெதுப்பாக வைக்கக் கற்றுக்கொடுத்தாள். பட்டையை இறுக்கினால் கன்னம் புண்ணாகும், கொஞ்சம் தளர்த்துங்கள் என்றாள். கடைசியில் தயங்கித் தயங்கி, "மீசைதான் சார் பிரச்சனை. அது வழியா காத்து ஒழுகுது. எடுத்துட்டா சரியாயிடும்" என்றாள்.

அண்ணன் மற்றதையெல்லாம் செய்தார். மீசையில் மட்டும் கை வைக்கவில்லை. காற்று ஒழுகிக் கண்ணில் அடிக்கும், எழுந்து உட்கார்ந்துகொள்வார். பத்து நாள் கழித்துக் கார்டைப் பார்த்தார்கள். எந்த ராத்திரியும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. முப்பது நாளும் மறுபடி முதலிலிருந்து என்றார் மேனேஜர். அன்று அண்ணன் துடைப்பத்தைப் பிடித்தபடி அழுததைப் பார்த்தேன்.

அப்போது என் புத்தி வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

"அண்ணி, நீங்க மாட்டிக்கிட்டுப் படுங்க. மூச்சு யாருதுன்னு கார்டுக்கா தெரியப் போகுது? அண்ணன் முதல்ல மேல ஏறட்டும், அப்புறம் மெதுவாப் பழகிக்கட்டும்" என்றேன்.

எனக்கும் சுயநலம் இருந்தது. அவருக்குப் பதில் கிரேனில் ஏறியவன் கை காட்டினால் பல்லைக் காட்டுவான். அவன் தூக்கும் தகட்டுக்குக் கீழே நிற்க எனக்குக் குலை நடுங்கியது.

அண்ணி மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். ராத்திரிக்கு ஏழு மணி நேரம் கார்டில் ஏறியது. டெக்னீஷியன் பெண் போன் செய்து பாராட்டினாள். அண்ணிக்குக்கூட முகம் தெளிந்திருந்தது. கேட்டேன். "காத்து சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கறதால அவரு குறட்டை கேக்கறதில்லை தம்பி. படுத்தா விடிஞ்சுதான் முழிப்பு" என்றார். நன்றாகத் தூங்கட்டும் பாவம் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

இருபத்தேழாவது நாள் காலையில் அண்ணன் மீசை இல்லாமல் வந்தார். சிரிக்க வாயெடுத்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அடங்கிப் போனார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவளை எத்தனை நாளைக்குடா இதுல கட்டிப் போடறது? நேத்து சாயங்காலம் மீசையை எடுத்துட்டு மாட்டிப் பாத்தேன். துளி ஒழுகலை. உக்காந்தபடியே கண்ணு சொக்கிடுச்சு. இன்னிக்கு ராத்திரிலேருந்து நானே போட்டுக்கறேன்."

"நடு ராத்திரில கழட்டிட்டீங்கன்னா இருபத்தாறு நாளும் வீணாப் போயிடும்ணே. இன்னும் நாலே ராத்திரி. முப்பது முடியட்டும்" என்று கையை மடக்கிக் காட்டினேன், வேலையில் காட்டுவதுபோல.

அவர் சரி என்று தலையாட்டினார். என் கைக்குக் கட்டுப்பட்டே பழகியவர்.

இருபத்தெட்டாவது ராத்திரி அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். விடிந்து அண்ணி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவரைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரிடமும் சொல்ல எனக்குத் துணிச்சலும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து டெக்னீஷியன் பெண் மெஷினை எடுத்துப் போக வந்தாள். நானும் அங்கே இருந்தேன். கார்டை உருவி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவள் கண் கலங்கிப் போனாள். ஆறுதல் சொல்வதாக நினைத்துத் திரையை அண்ணி பக்கம் திருப்பினாள்.

"கடைசி ராத்திரி அவரு கஷ்டமே படலைம்மா. ஏழு மணி நேரம் பத்து நிமிஷம் போட்டிருக்காரு. ஒரு தடவைகூட மூச்சு நிக்கலை, பாருங்க."

அண்ணி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது நான்மா" என்றார் அண்ணி. "அவரு பக்கத்துல படுத்திருந்தாரு."