மோட்டார் போடாத காலை

நான் நிலாவில் இறங்கிய அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையை ஒட்டி எங்கள் நிலம். பஸ் நிற்கிற புளியமரத்துக்கும் எங்கள் மோட்டார் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். வீடு கொஞ்சம் தள்ளி ஊருக்குள் இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி காஞ்சிபுரம் போய் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை நெல் மூட்டைகள் இருந்த அறையில் வைத்திருந்தார். அதில் ராக்கெட் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. சுடுவதற்கு யாருமில்லை, பாட்டும் இல்லை. பூமியிலிருந்து கிளம்பி நிலாவில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த விண்கப்பலுக்குள் இரண்டு பச்சைத் திரைகள் இருக்கும். இடதுபக்கத்தில் நாம் போகிற பாதை கோடாகவும் நிலா வட்டமாகவும் தெரியும். வலதுபக்கத்தில், நிலாவுக்கு மிக அருகே போக இன்னும் எத்தனை வினாடி என்று எண் இறங்கிக்கொண்டே வரும். கீழே ஆட்டோ பைலட் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் கப்பல் போகிற திசையைப் பார்த்து நிற்கும். இன்னொன்றை அமுக்கினால் வந்த வழியைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அங்கே பிரேக் கிடையாது. திரும்பி நின்று என்ஜினைப் போடுவதுதான் பிரேக்.

"ஆட்டோ பைலட் திருப்பும், அப்படியே புடிச்சிக்கும். எப்ப என்ஜின் போடணும்னு அதுக்குத் தெரியாது மாப்ள. அதுக்குத்தான் ஆளு வேணும்" என்பார் மாமா.

அந்த மாசியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மாமா நாலு மாதமாக வகுப்புக்கே போகவில்லை. தினமும் காலையில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அப்பா கத்தவில்லை.

"திங்கக்கெழம நான் கூட வரேன். அங்க உள்ளவங்க கால்ல விழணும்னாலும் விழறேன். நீ படிச்சி முடி" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு, நிலாவுக்குப் போகிற ப்ராஜெக்ட் ஒன்று செய்துகொண்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை அது முடிந்துவிடும் என்றும், அதைக் காட்டினால் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். ஆனால் அன்று மோட்டார் போடக் கூடாது. மோட்டாருக்கும் வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார் எடுத்தால் வீட்டு விளக்கு மங்கும், கம்ப்யூட்டர் அணைந்துபோகும். அது பொய்யில்லை. அதற்கு முன் இரண்டு முறை எங்கள் கப்பல் பாதி வழியில் அப்படிக் காணாமல் போயிருந்தது.

அந்த வாரம் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் கரண்ட் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மட்டுமே.

"நெல்லு பால் புடிக்கிற நேரம்டா. காஞ்சா பதராப் பூடும்" என்றார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "செரி, ஒரு நாளு" என்றார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கப்பல் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பல் விளக்கி டீ குடித்துவிட்டு வந்தபோது நிலாவுக்கு அருகில் இருந்தது. எப்படி என்று கேட்டேன். "அவ்ளோ வேகம்" என்றார் மாமா. அம்மா ஒரு காதுகுத்துக்காகத் திருமுக்கூடல் போயிருந்தாள். அப்பா மாட்டைக் கட்டிவிட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். மோட்டார் போடாத நாளில் அவருக்கு வயலில் வேலை இல்லை.

ஒன்பது மணிக்கு மாமா என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். விசைப்பலகையில் ஒரு எழுத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இத மட்டும் தொடாத. தொட்டா வெடிச்சிடும். நான் காஞ்சிபுரம் போயி பிரிண்ட் எடுத்துக்கினு வரேன். யாரு கேட்டாலும் மாமா பிசின்னு சொல்லு, இன்னா?"

பிரிண்ட் எடுக்கப் போகிறவருக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு கப்பலே என் கையில் இருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கமாகப் போனார்.

பத்து மணி இருக்கும். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர் வாசலில் சைக்கிளை நிறுத்திப் பேசுவது கேட்டது.

"இன்னாண்ணே, ஒம் மச்சான் மூட்ட மாதிரி பையத் தூக்கிக்கினு செங்கல்பட்டு பஸ்ல ஏறுறான்? ரயிலுக்கா?"

காஞ்சிபுரம் எதிர்த்திசையில் இருக்கிறது. செங்கல்பட்டிலும் பிரிண்ட் கடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கதவைத் திறந்தார்.

"மாமா எங்கடா?"

"பிசிப்பா."

மாமாவின் சட்டைகள் தொங்கும் கொடிக்கயிறு காலியாக இருந்ததைப் பார்த்தார். வெளியே போனார். மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்டது. அது ஸ்டார்ட் ஆனது, கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடியது, பிறகு அணைந்தது. அப்பா திரும்பி வந்து நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"எறங்க இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு மணி நேரம். நீ வேணும்னா மோட்டார் போடுப்பா, நான் இன்னொரு நாளு இறங்கறேன்." இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"வேணாம். நீ பாரு."

வலதுபக்கத் திரையில் எண் பூஜ்ஜியத்துக்கு வந்ததும் என்ஜினைப் போட்டேன். திறந்திருந்த பாதை மெல்ல வளைந்து நிலாவைச் சுற்றி மூடிக்கொண்டது. பிறகு கப்பல் நிலாவுக்குப் பின்னால் போய் இருட்டானது. திரும்பி வந்ததும் மறுபடி என்ஜின். கடைசியில், உயரத்தைப் பிடித்து நிறுத்துகிற பொத்தான். ஐந்நூறு மீட்டர் என்று போட்டால் அங்கேயே நிற்கும். முந்நூறு, நூறு, நாற்பது என்று நான் குறைத்துக்கொண்டே வந்தேன். பெட்ரோல் முள் அடியில் கிடந்தது.

"கால் பட்டுச்சா?" என்றார் அப்பா.

"பட்டுச்சிப்பா."

மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். அதற்கப்புறமும் அவர் எழுந்திருக்கவில்லை. த்ரீ ஃபேஸ் போய்விட்டது. அந்தப் போகத்தில் மேட்டுக் கழனியில் பாதி பதராகப் போனது.

மாமாவிடமிருந்து எட்டு மாதம் கழித்து ஓசூரிலிருந்து போன் வந்தது. ஏதோ கம்பெனியில் வேலை, நன்றாக இருப்பதாகச் சொன்னார். நான் ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். சூரத்தில் சாயப் பட்டறையில் இருந்தபோது கூடத் தங்கியிருந்த ஒருவனின் லேப்டாப்பில் அதே விளையாட்டு இருந்தது. டேப் ஒட்டியிருந்த எழுத்தை அமுக்கிப் பார்த்தேன். வெடிக்கவில்லை. நேரம் நூறு மடங்கு வேகமாக ஓடியது. அந்தக் காலை முழுவதும் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும். மோட்டார் ஓடியிருந்தால் அப்பா எங்கே நின்றிருப்பார், அங்கிருந்து எந்தப் புளியமரம் தெரியும் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிலாவில் இறங்கிய அன்று மதியம் அம்மா காதுகுத்திலிருந்து வந்தாள். கொடிக்கயிற்றைப் பார்த்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்று, "எப்பங்க போனான்? ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"இப்பத்தான். பாத்தா ஆளக் காணோம்" என்றார் அப்பா.

பொய் சொன்னால் என்னை அடிக்கிறவர் அவர். பத்து மணிக்கே தெரியுமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நிலாவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நேரம் போனது அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.