பதினெட்டு மெஷின்களுக்கான இருபத்திரண்டு நிமிடம்

வேலம்பாளையத்தில் டேனியல் என்று கேட்டால் எந்த டேனியல் என்பார்கள். கடபுடா டேனியல் என்று சொல்லிவிட்டால் போதும், சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். தான் ஒரு இசையமைப்பாளன் என்று அவர் எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் எந்தப் படத்துக்கு என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

பொங்கலூர்ப் பக்கம் தோட்ட வேலை பார்த்த ராசப்பனின் மகன். சின்ன வயதிலேயே ஊர் சர்ச்சில் ஆர்மோனியம் அவர் கைக்கு வந்துவிட்டது. பதினேழு வயதில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து அழுத்தி, நான்கு நிமிடம் விடாமல் பிடித்திருந்தார். இரண்டு சுரங்களும் ஒன்றோடொன்று உரசி நடுங்குவது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாடியவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். பாதிரியார் ஆர்மோனியம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ரிப்பேருக்கு அனுப்பினார். கெட்டது ஆர்மோனியம் இல்லை என்று தெரிந்ததும் அது வேறொருவன் கைக்குப் போனது. டேனியல் பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தார்.

பூபாலன் என்பவரின் பனியன் கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஃபிட்டர் ஆனார். துணி பின்னும் மெஷின் ஆள் உயரத்துக்கு வட்டமாக நிற்கும். உள்ளே ஆயிரக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கும், துணி குழாய் போலக் கீழே இறங்கிக்கொண்டே வரும். ஒரே ஒரு ஊசி முனை உடைந்தாலும் துணி நெடுகக் கோடு விழுந்துவிடும். கெட்டிக்கார ஃபிட்டருக்கு அந்தக் கோடு கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழும். டேனியல் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே ஒன்பதாம் நம்பர் மெஷினில் ஊசி போச்சு என்பார். போய்ப் பார்த்தால் போயிருக்கும்.

அந்தக் காதுதான் அவரைக் கெடுத்தது. ஷெட்டில் பதினெட்டு மெஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகம். எல்லாருக்கும் அது இரைச்சல். இவருக்கோ இரைச்சலுக்கு அடியில் ஊசிகளின் சின்னச் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. நான்காம் நம்பரும் பதினொன்றாம் நம்பரும் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே தாளத்தில் வந்து சேர்ந்து, மறுபடி பிரிந்து போவதைக் கண்டுபிடித்த அன்று அவர் மத்தியானச் சோறு தின்னவில்லை. புரொடக்‌ஷன் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். பதினோரு வருடம் எழுதினார்.

எழுதியதைச் சென்னைக்கு அனுப்பினால் சபாக்காரர்கள் ராகம் என்ன என்று கேட்டார்கள். புதுமை இசை விழா நடத்துகிறவர்கள் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு ஸ்டூடியோக்காரர் மட்டும் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். ஷெட் ஓடுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பினார் டேனியல். ஒரு டிவி சீரியலில் மில்லுக்குள் கொலை நடக்கும் காட்சியில் ஒன்பது விநாடி வந்தது. பெயர் வரவில்லை. அடப்பாவிகளா, கொலைக்குத்தானா கிடைத்தது!

அவர் மனைவி சித்ரகலா அதே கம்பெனியில் துணி செக்கிங் செய்கிறவள். என்னதான் எழுதுகிறீர்கள், எனக்கும் காட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். போனில் பதிவு செய்தால் ஊசிச் சத்தம் வராது, ஒரு நாள் நேரில் கேட்பாய் என்பார் டேனியல். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் உயிரை வைத்துக்கொண்டிருந்தார். உலகம் கேட்க வேண்டாம், அவள் ஒருத்தி கேட்டு, ஓ, இதுவா என்று சொன்னால் போதும்.

ஆனால் வாசிப்பது எப்படி? ஓடுகிற மெஷினில் நூலை அறுத்தால் அது தானே நின்றுவிடும். ஒவ்வொரு மெஷினாக ஓடத் தொடங்கி, பதினெட்டும் சேர்ந்து, பிறகு குறித்த நொடியில் ஒவ்வொரு நூலாக அறுத்து அடங்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு மெஷின் தனியாக ஓடி நிற்கும். அறுக்கும்போதெல்லாம் துணியில் ஓட்டை விழும். எந்த முதலாளி சம்மதிப்பார்?

பூபாலன் சம்மதித்தார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் சார்பில் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் ஷெட்டில் அவசர ஆர்டர் எதுவும் ஓடாது. இப்படி ஏதாவது செய்து காட்டினால் வருகிறவர்கள் ரசிப்பார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. டேனியல் ஷிஃப்ட் மாறும் இடைவெளியில் ஒரு மாதம் ஆட்களைப் பழக்கினார். தென்காசிப் பக்கத்து முனீஸ் முதலில் கிண்டல் செய்தான். மூன்றாம் நாள், நாலும் பதினொன்றும் சேரும் இடத்தில் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவனுக்கும் அது கேட்டுவிட்டது. முந்தைய மெஷினின் ஊசிச் சத்தம் அடங்குவதைக் கேட்டுத்தான் அடுத்தவர் மூன்று எண்ணி அறுக்க வேண்டும். எல்லாமே காதில்தான் இருந்தது.

ஆடிட் நாள் வந்தது. காலையில் எச்ஆர் சண்முகப்பிரியா ஒரு பெட்டியோடு ஷெட்டுக்குள் வந்தாள். சத்தம் நுழையாமல் காதை அடைக்க ஆளுக்கு இரண்டு இயர் பிளக். வருடம் முழுக்க அவள் அலமாரியில் தூங்கும் பெட்டி அது. ஆடிட் நாளில் மட்டும் எல்லார் காதிலும் ஆரஞ்சு நிறத்தில் முளைக்கும், சாயங்காலம் பெட்டிக்குத் திரும்பிவிடும். பத்து வருடமாக டேனியலும் கையெழுத்துப் போட்டு வாங்கி மாட்டியவர்தான். இருந்தும் இந்த ஒரு மாதத்தில் அவருக்கு அது நினைவுக்கு வரவேயில்லை. முனீஸுக்கும் வரவில்லை. பூபாலனுக்கும் வரவில்லை. ஆடிட் என்றால் இயர் பிளக் என்று ஊருக்கே தெரியும், இசை என்றால் காது என்றும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒருத்தருக்கும் புத்தி இல்லை.

பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மாள் சத்தம் அளக்கும் மீட்டரோடு நடுவில் நின்றாள். செக்கிங் பெண்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். சித்ரகலா முன் வரிசையில், காதில் ஆரஞ்சோடு நின்றாள்.

முதல் மெஷின் ஓடியது. பிளக் வழியாகப் பெரிய இரைச்சல் மட்டும் உள்ளே வந்தது, ஊசிகள் வரவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன் சீக்கிரமே அறுத்துவிட்டான். இன்னொருவன் அறுக்கவேயில்லை. டேனியல் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கடைசியில் எல்லாரும் பார்க்கத் தன் இரண்டு பிளக்கையும் பிடுங்கி எறிந்தார். நீங்களும் எடுங்கள் என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் ஆடிட் போகும், ஆர்டர் போகும், முந்நூறு பேர் வீட்டில் உட்கார வேண்டும். முனீஸ் கையைக் காது வரைக்கும் கொண்டுபோனான். ஆடிட்டரைப் பார்த்தான்.

"வேண்டாம்ணே, மன்னிச்சுக்கிடுங்க," என்றான். கையை இறக்கிக்கொண்டான்.

டேனியல் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பதினோரு வருடம் எழுதியது இருபத்திரண்டு நிமிடம் தாறுமாறாக ஓடி முடிந்தது. காது திறந்து அதைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அந்தப் பாழையும் அவரே கேட்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"எனக்கு இரைச்சல்தானுங்க கேட்டுது," என்றாள் சித்ரகலா. "பொய் சொல்ல மனசு வரலீங்க."

அன்றிரவு அவள் அழுதாள். அவர் அழவில்லை. அவருக்கு ஆத்திரம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே.

இன்னொரு நாள் வாசிக்கலாமே என்று முனீஸ் கேட்டான். அதற்குள் ஆடிட் ரிப்போர்ட் வந்துவிட்டது. அதில் டேனியலுக்கு இரண்டு வரி கிடைத்திருந்தது. ஷெட்டில் சத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது, எல்லா மெஷினுக்கும் அடியில் ரப்பர் வைத்து, சுற்றிலும் மூடி போட்டுக் குறைக்க வேண்டும் என்பது ஒன்று. தொழிலாளி ஒருவர் காதுப் பாதுகாப்பு அணியவில்லை என்பது இன்னொன்று. முதல் வரிக்கு ஒரு மாதம் கெடு. இரண்டாவதுக்கு அவர் கையில் வார்னிங் லெட்டர்.

ரப்பர் வைப்பது யார் வேலை? ஃபிட்டர் வேலை. பூபாலன் கூப்பிட்டு, சங்கடப்படாம செஞ்சிடுங்க டேனியலு என்று மரியாதையாகத்தான் சொன்னார். டேனியல் ஒவ்வொரு மெஷினாகத் தூக்கி அடியில் ரப்பர் வைத்தார். நான்காம் நம்பருக்கு ஒரு நாள், பதினொன்றாம் நம்பருக்கு ஒரு நாள். செய்வதை அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர், அதையும் நேர்த்தியாகவே செய்தார். ஒவ்வொரு மூடியும் இறங்கும்போது ஒரு மெஷினின் ஊசிச் சத்தம் உள்ளே போய் அடைந்துகொண்டது.

பதினெட்டாவது முடிந்த அன்று சண்முகப்பிரியா மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லா மெஷினையும் ஓடவிட்டு ஷெட்டின் நடுவில் நின்று பார்த்தாள். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கண்ணா," என்றாள். "இப்பத்தானுங்க காதுக்கு இதமா இருக்குது."

அவர் செய்த ஒன்றைக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு ஆள் சொன்னது அதுதான் முதல் தடவை. டேனியல் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆமாங்க என்றார்.